நாலாம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலக் காசு எந்த ஊர்ல அச்சானது? மிண்ட்டும் வகையும் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ரோமானிய காசுலயே இன்னிக்கு அதிகமா கைக்கு வர்றது பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தையும் அவர் பசங்க காலத்தையும் சேர்ந்த சின்ன வெண்கலக் காசுதான், நம்ம அம்பது பைசா சைஸ்கூட இருக்காது, பச்சையோ பழுப்போ ஏறி இருக்கும். இத கையில வாங்கின உடனே எல்லாரும் பண்றது ஒண்ணுதான், தலைய திருப்பி "இது எந்த ராஜா"ன்னு முகத்தைப் பாக்குறது. அங்கயே நேரம் வீணாகுது. நீரோ காலத்து காசுல முகத்தைப் பாத்தே ஆள சொல்லிடலாம், ஆனா நாலாம் நூற்றாண்டுல முகம்ங்கிறது ஒரு பொது அச்சு மாதிரி ஆயிடுச்சு, அப்பா பையன் எல்லாருக்கும் அதே மூக்கு அதே கண்ணு. அதனால இந்த வழிகாட்டியில நான் தலைகீழாதான் போகப் போறேன்: பின்பக்கம் முதல்ல, அதுலயும் அடியில இருக்குற எழுத்து முக்கியமா, ராஜா முகம் கடைசியில.

இதுக்கு ஒரு நல்ல காரணம் இருக்கு. பேரரசர் டயோக்ளீஷியன் சுமார் 294ல நாணயத்தை சீர்திருத்தம் பண்ணப்போ பேரரசு முழுக்க பல ஊர்ல மிண்ட், அதாவது காசு அடிக்கிற நாணயச்சாலை, இயங்குச்சு, எல்லா ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே டிசைன். அப்போ எடை குறைஞ்சாலோ உலோகம் மோசமா இருந்தாலோ யாரைப் பிடிக்கிறது? அதுக்காக எந்த ஊர், அந்த ஊர்ல எந்தப் பட்டறைன்னு காசுலயே போட ஆரம்பிச்சாங்க. பட்டறைய லத்தீன்ல ஒஃபிசினான்னு சொல்வாங்க, கேட்டலாக்ல எல்லாம் இந்த வார்த்தைதான் வரும். ஆக நமக்கு வேண்டிய பதில் காசு மேலயே எழுதியிருக்கு, படிக்கத் தெரியணும், அவ்வளவுதான். இங்க நான் சொல்றது பெரும்பாலும் 313 முதல் 361 வரைக்கும் உள்ள காசுக்கு. முதல் ரெண்டு நூற்றாண்டோட பெரிய செஸ்டர்ஷியஸ் மாதிரி காசுல மிண்ட் எழுத்தே கிடையாது, அதுக்கு வழி வேற.

காசைத் தொடுறதுக்கு முன்னாடி

புளி போட்டு தேய்க்காதீங்க. நம்ம வீட்ல பித்தளை பாத்திரத்துக்கு புளியும் சாம்பலும் போட்டு பழகின கை, காசைப் பாத்ததும் அதே ஞாபகம் வரும். எலுமிச்சை, வினிகர், பாலிஷ் எதுவுமே வேணாம். அந்தப் பச்சைத் தோல்லதான் எழுத்தோட ஓரம் நிக்குது, ஆசிட் பட்டா தோலோட எழுத்தும் போயிடும், அப்புறம் எந்த நிபுணராலயும் படிக்க முடியாது. டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போடுங்க, தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க, மண் இளகினதும் மெத்துனு ஒரு பிரஷ், பிடிவாதமான இடத்துல மரத்துல செஞ்ச பல்குச்சி. இதுக்கு பொறுமை வேணும், வாரக்கணக்குல ஆகலாம். வெளிர் பச்சையில பவுடர் மாதிரி உதிர்ற புள்ளி இருந்தா அது வெறும் பாசி இல்ல, வெண்கல நோய்னு சொல்வாங்க, குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது, அந்தக் காசை மத்த காசுலேர்ந்து தனியா எடுத்து வச்சு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பால உலர்வா வைங்க. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல இருக்குறவங்க இதுல ரொம்ப கவனமா இருக்கணும்.

இன்னொண்ணு, இது சட்ட விஷயம். இந்தியால மண்ணுக்குள்ள கிடைச்ச புதையல் பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு தெரியப்படுத்தணும்னு 1878 சட்டமே இருக்கு, நூறு வருஷத்துக்கு மேல பழசான காசை தனி ஆள் நாட்டை விட்டு வெளிய அனுப்பக் கூடாதுன்னு 1972 சட்டம் இருக்கு. அதனால ஆத்துல, வயல்ல கிடைச்ச காசா இருந்தா அத முதல்ல ஒழுங்கா தெரிவிங்க. கிடைச்ச இடம் பதிவாகாத காசு வரலாற்றுக்கு பாதிதான் பிரயோஜனம்.

எடையும் அளவும்

நகைக்கடைல வைக்கிற மாதிரி 0.01 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன தராசு ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குது, கூட ஒரு வெர்னியர். எடை, விட்டம் ரெண்டையும் எழுதிக்கோங்க. அப்புறம் தலைப்பக்கம் நேரா இருக்குற மாதிரி பிடிச்சு, புத்தகப் பக்கத்தைப் புரட்டுற மாதிரி பக்கவாட்டுல திருப்புங்க, பின்பக்கப் படம் நேரா நிக்குதா தலைகீழா நிக்குதான்னு பாத்து அதையும் எழுதுங்க. இந்தக் காலத்து அரசு காசுல பெரும்பாலும் ஒண்ணு நேரா இருக்கும் இல்ல தலைகீழா இருக்கும், கோணல் மாணலா இருந்தா போலியோ உள்ளூர் நகலோன்னு ஒரு சந்தேகக் குறி போட்டு வைங்க.

எடை ஏன் முக்கியம்னா இந்த நூற்றாண்டு முழுக்க வெண்கலக் காசு இளைச்சுக்கிட்டே வந்துச்சு. 294ல வந்த பெரிய காசு பத்து கிராம் பக்கம், 27, 28 மில்லிமீட்டர். 313 வாக்குல அது மூணு, மூணரை கிராம் ஆயிடுச்சு. 330ல ரெண்டரை கிராம் சுமாரு, 335க்கு அப்புறம் ஒண்ணரை கிராம் சொச்சம். 348ல திரும்ப பெருசாக்கி நாலரை அஞ்சு கிராம்ல ஆரம்பிச்சாங்க, பத்து வருஷத்துக்குள்ள அதுவும் பாதியா தேஞ்சுது. நூற்றாண்டு கடைசியில 12, 13 மில்லிமீட்டர்ல ஒரு கிராம் சொச்சத்துக்கு சின்ன பொடிக் காசு. தேய்மானத்தையும் கணக்குல எடுக்கணும்தான், இருந்தாலும் எடை ஒரு வெளிவட்டம் போட்டுக் குடுத்துடும்.

பின்பக்கப் படம்: வருஷத்தை இங்க பிடிக்கணும்

இப்போ லைட். மேல இருந்து நேரா அடிக்கிற வெளிச்சத்துல தேஞ்ச எழுத்து தெரியாது. ரூம் லைட்ட அணைச்சுட்டு போன் டார்ச்ச மேஜையோட ஒட்டி, கிட்டத்தட்ட படுக்க வச்ச மாதிரி பக்கத்துலேர்ந்து அடிங்க, காச மெதுவா சுத்துங்க. ஒரு கோணத்துல ஒரு எழுத்து எழும்பும், அடுத்த கோணத்துல இன்னொண்ணு. ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா பின்னாடி ஒப்பிட வசதி.

நீங்க அடிக்கடி பாக்கப்போற படங்கள சொல்லிடுறேன். ரெண்டு சிப்பாய் எதிரும் புதிருமா நின்னு நடுவுல கொடிக்கம்பம் இருந்தா அது க்ளோரியா எக்ஸெர்சிடஸ், படையின் புகழ்னு அர்த்தம். கம்பம் ரெண்டுன்னா 330 முதல் 335 வரை, ஒண்ணுன்னா 335க்கு அப்புறம் சுமார் 341 வரை. இந்த ஒரு கம்பம் ரெண்டு கம்பம் வித்தியாசம் ரொம்ப அழகான கடிகாரம், அதே சமயத்துலதான் எடையும் குறையுது, ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஓநாய் ரெண்டு குழந்தைக்கு பால் குடுக்குற படம், தலைப்பக்கம் ராஜாவே இல்லாம ஹெல்மெட் போட்ட ரோமா தேவி இருந்தா அது உர்ப்ஸ் ரோமா. ஹெல்மெட் போட்டு தோள்ல செங்கோல் சாஞ்ச உருவம், பின்பக்கம் கப்பல் முனையில விக்டோரியா தேவதை நின்னா அது கான்ஸ்டான்டினோபோலிஸ், புது தலைநகருக்காக போட்டது, அந்த நகரம் 330 மே 11ல திறப்பு விழா கண்டுச்சு. கோட்டை வாசல் மாதிரி செங்கல் வரிசையும் மேல ரெண்டு கோபுரமும் நடுவுல நட்சத்திரமும் இருந்தா ப்ராவிடென்ஷியே, 324 முதல் 330. ஈட்டியால குதிரைவீரனை குத்துற சிப்பாய் இருந்தா ஃபெல் டெம்ப் ரெப்பரேஷியோ, 348 முதல் 358 வாக்குல வரைக்கும், நல்ல காலம் திரும்பிடுச்சுங்கிற கோஷம். ரெண்டு விக்டோரியா எதிரெதிரா மாலை பிடிச்சுட்டு நின்னா 347, 348.

சில படம் வருஷத்தை மட்டும் இல்லாம ஊரையும் சேத்தே குடுத்துடும், அங்க மிண்ட் எழுத்து தேஞ்சிருந்தாலும் கவலை இல்ல. கான்ஸ்டான்டினியானா டாஃப்னேன்னு எழுதின, விக்டோரியா உக்காந்திருக்குற வெண்கலக் காசு கான்ஸ்டான்டிநோபிள்ல மட்டும்தான் அடிச்சாங்க. கிறிஸ்து சின்னம் வச்ச கொடி ஒரு பாம்பை குத்துற ஸ்பெஸ் பப்ளிக் காசும் அப்படித்தான், 327, அதே ஊர், கிடைக்கிறது ரொம்ப அபூர்வம், விலைக்கு வர்றதுல போலி ஏராளம். பலிபீடத்து மேல உருண்டை வச்ச பியாட்டா ட்ரான்குவிலிட்டாஸ் லண்டன், ட்ரியர், லியான் மூணுல ஒண்ணுதான். 347, 348ல மேற்கு மிண்ட் எல்லாம் அந்த ரெண்டு விக்டோரியாவ அடிச்சப்போ கிழக்குல மாலைக்குள்ள வோட்டா எண்கள், அதாவது பேரரசரோட ஆட்சி வருஷ நேர்த்திக்கடன் எண்கள், போட்ட காசு அடிச்சாங்க, ஸோ ரெண்டு விக்டோரியா காசு வச்சுக்கிட்டு ஆன்டியோக்ல தேட வேண்டியதில்ல.

அடிக்கோட்டுக்குக் கீழ

சிப்பாய்கள் நிக்கிற தரை மாதிரி ஒரு கோடு இருக்கும் பாருங்க, அதுக்கும் காசோட விளிம்புக்கும் நடுவுல இருக்குற பிறை மாதிரி இடம். அங்கதான் மிண்ட் எழுத்து. அதுல மூணு சமாச்சாரம் இருக்கும்: ஊர் பேரோட சுருக்கம், பட்டறை எண், சில சமயம் புள்ளி, நட்சத்திரம், பிறை, மாலை மாதிரி குறி. கிழக்கு ஊர்கள்ல முன்னாடி எஸ்.எம்.னு சேத்துப்பாங்க, சாக்ரா மொனேட்டா, புனித நாணயச்சாலைன்னு அர்த்தம்.

பட்டறை எண் போடுறதுல கிழக்குக்கும் மேற்குக்கும் வித்தியாசம் உண்டு, இத மனசுல நல்லா பதிச்சுக்கோங்க. மேற்குல லத்தீன் வரிசை: பி, எஸ், டி, க்யூ (P, S, T, Q), அதாவது ப்ரிமா, செகுண்டா, டெர்ஷியா, குவார்ட்டா. மிண்ட் எழுத்துல நான் டின்னு எழுதுறதெல்லாம் T-தான், D இல்ல. கிழக்குல கிரேக்க எழுத்து: ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான்னு போகும். ஆறாவதுக்கு போடுற குறி அப்படியே லத்தீன் எஸ் மாதிரி இருக்கும், அதனால கிழக்கு ஊர் காசுல கடைசியில எஸ் பாத்தா ரெண்டாவது பட்டறைன்னு எழுதிடாதீங்க, அது ஆறு. காமாவ தலைகீழ் எல் மாதிரி போடுவாங்க, டெல்டா முக்கோணம், எப்சிலான் வளைஞ்ச சி நடுவுல ஒரு கோடு.

ஊர்கள வடமேற்குலேர்ந்து கிழக்கா நடந்து போற மாதிரி சொல்றேன். லண்டன்: பி.எல்.என். அல்லது பி.எல்.ஓ.என்., 325லயே மூடிட்டாங்க. ட்ரியர் ஜெர்மனியில இருக்கு: டி.ஆர். ரெண்டும் இருக்கும், 330கள்ல டி.ஆர்.பி., டி.ஆர்.எஸ்., அதுக்கு முன்னாடி பி.டி.ஆர்., எஸ்.டி.ஆர். ஏமியன்ஸ்: ஏ.எம்.பி., மேக்னென்ஷியஸ் கிளர்ச்சி பண்ண 350 முதல் 353 சுத்தி மட்டும். லியான்: பி.எல்.ஜி., எஸ்.எல்.ஜி. ஆர்ல்ஸ்: ஏ.ஆர்.எல்., ஆனா இது கதை நிறைய உள்ள ஊர், கீழ தனியா வரேன். இத்தாலியில டிசினம், இன்னிக்கு பாவியா: வெறும் டி, முன்னாடி பட்டறை எழுத்து, பி.டி., எஸ்.டி., டி.டி.ன்னு வரும், 326ல மூடியாச்சு. அக்விலேயா: ஏ.க்யூ. ரோம்: ஆர், பின்னாடி பட்டறை எழுத்து. குரோஷியால சிஸ்கியா: எஸ்.ஐ.எஸ்., பட்டறை எழுத்து முன்னாடி, ஆல்ஃபா-எஸ்.ஐ.எஸ். மாதிரி. செர்பியால சிர்மியம்: எஸ்.ஐ.ஆர்.எம். கிரீஸ்ல தெசலோனிகா: எஸ்.எம்.டி.எஸ். மர்மரா கடலோரம் ஹெராக்ளியா: எஸ்.எம்.எச். கான்ஸ்டான்டிநோபிள்: சி.ஓ.என்.எஸ்., 326க்கு அப்புறம்தான். நிகோமீடியா, இன்னிக்கு இஸ்மித்: எஸ்.எம்.என். சைசிகஸ்: எஸ்.எம்.கே. ஆன்டியோக்: எஸ்.எம்.ஏ.என்., பின்னால வர்ற காசுல ஏ.என். மட்டும். அலெக்சாண்ட்ரியா: எஸ்.எம்.ஏ.எல். அல்லது ஏ.எல்.இ.

பட்டறை எண்ணே ஊரை வடிகட்டும். கான்ஸ்டன்டைன் குடும்பத்து க்ளோரியா எக்ஸெர்சிடஸ் வரிசையில பட்டறை எண் ஒன்பது, பத்துன்னு போச்சுன்னா அது ஆன்டியோக் இல்லன்னா கான்ஸ்டான்டிநோபிள். கான்ஸ்டான்டிநோபிள்ல பதினொண்ணு வரைக்கும் உண்டு. மாறா அலெக்சாண்ட்ரியால அப்போ பட்டறை ரொம்பக் கம்மி.

வருஷமும் அப்படியே வடிகட்டும். லண்டன் 325ல மூடியாச்சு, க்ளோரியா எக்ஸெர்சிடஸ் 330ல ஆரம்பிக்குது, அப்போ ரெண்டு சிப்பாய் காசுல பி.எல். வரைக்கும் படிக்க முடிஞ்சு மூணாவது எழுத்து போயிருந்தா அது லண்டனா இருக்கவே முடியாது, லியான்தான். ஒரு எழுத்து அழிஞ்சு போனாலும் படமும் வருஷமும் சேந்து அத திருப்பிக் குடுக்குது பாருங்க, இந்த வேலையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்.

எல்லாரும் விழுற குழி

சி.ஓ.என். இத பாத்த உடனே கான்ஸ்டான்டிநோபிள்னு எழுதுறவங்க ரொம்பப் பேர், ஏலக்கடை விளம்பரத்துலகூட இந்தத் தப்பு வரும். ஆர்ல்ஸ் நகரத்துக்கு 328ல கான்ஸ்டான்டினான்னு பேர் மாத்தினாங்க, கான்ஸ்டன்டைனோட பையன் ரெண்டாம் கான்ஸ்டன்டைன் பேர்ல. அதனால அங்க அடிச்ச காசுல ஏ.ஆர்.எல். போய் பி.சி.ஓ.என்.எஸ்.டி., எஸ்.சி.ஓ.என்.எஸ்.டி.ன்னு வந்துச்சு. 340ல அந்த ரெண்டாம் கான்ஸ்டன்டைன் தம்பி கான்ஸ்டன்ஸோட சண்டையில செத்துப்போனதும் பேர திரும்ப ஏ.ஆர்.எல். ஆக்கிட்டாங்க. 353ல இன்னொரு தம்பி கான்ஸ்டான்டியஸ், கிளர்ச்சி பண்ண மேக்னென்ஷியஸை ஒழிச்சதும் மறுபடி சி.ஓ.என்.! அரசியல் அப்படியே காசு அடியில உக்காந்திருக்கு. இதனால நமக்கு லாபம் என்னன்னா, ஒரு கம்பம் உள்ள சிப்பாய் காசுல பி.ஏ.ஆர்.எல். இருந்தா அது 340க்கு அப்புறம்னு கண்ண மூடிட்டு சொல்லலாம். குதிரைவீரன் காசுல பி.சி.ஓ.என். இருந்தா 353க்கு அப்புறம்.

பிரிச்சுப் பாக்குற விதி சிம்பிள்: பட்டறை எழுத்து முன்னாடி, அதுவும் லத்தீன் பி, எஸ் மாதிரி இருந்தா ஆர்ல்ஸ். பின்னாடி, அதுவும் கிரேக்கத்துல இருந்தா கான்ஸ்டான்டிநோபிள். ரெண்டு ஓரமும் தேஞ்சு நடுவுல மட்டும் சி.ஓ.என்.எஸ். தெரியுதுன்னா என்ன பண்றது? எழுத்து எங்க உக்காந்திருக்குன்னு அளங்க. அச்சு வெட்டுறவர் மொத்த வரியையும் நடுவுல வர்ற மாதிரிதான் வெட்டுவார். ஆர்ல்ஸோட ஆறு எழுத்துல நடு ஓ-க்கும் என்-னுக்கும் இடையில விழும். கான்ஸ்டான்டிநோபிளோட அஞ்சு எழுத்துல நடு சரியா என் மேலயே விழும். ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல ஒரு கோடு கீழ வரைக்கும் மனசுக்குள்ள இறக்கிப் பாருங்க, என் அந்தக் கோட்டுக்கு வலது பக்கம் தள்ளி இருந்தா ஆர்ல்ஸ் பக்கம் சாயலாம். முன்னாடி நட்சத்திரமோ பிறையோ இருந்தா கணக்கு கொஞ்சம் நகரும், அதனால இத மட்டுமே வச்சு தீர்ப்பு சொல்லக் கூடாது, துணைக்கு கம்பங்களுக்கு நடுவுல பாருங்க: மாலை, ஓலை, கிறிஸ்து சின்னம் மாதிரி ஏதாவது இருந்தா அது மேற்கு மிண்ட் பழக்கம், ஆர்ல்ஸ்தான்.

அடுத்த குழி எச், என், கே. ஹெராக்ளியா, நிகோமீடியா, சைசிகஸ் மூணும் எஸ்.எம். அப்புறம் ஒரே எழுத்து, அதுவும் ரெண்டு செங்குத்துக் கோடு மட்டும் மிஞ்சியிருந்தா எச்-சா என்-னா? என்-னோட சாய்வுக்கோடு மேல் இடது மூலையில தொடங்கும், அந்த மூலை மட்டும் தடிச்சு இருக்கான்னு லென்ஸ்ல பாருங்க. எச்-ல நடுவுல மட்டும் பாலம். கே-ல ஒரே ஒரு செங்குத்து, வலது பக்கம் சின்ன அம்பு, இது தேஞ்சா ஆர் மாதிரி தெரியும். ஏ-க்கு அந்தக் காலத்துல குறுக்குக் கோடு பல சமயம் போட மாட்டாங்க, எம்-ம நாலு குச்சியா நிறுத்திடுவாங்க, யு கிடையாது, எல்லாம் வி. இத எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிடும். எஸ்.டி.யும் டி.எஸ்.சும் வேற வேற ஊர், முதல்து டிசினத்தோட ரெண்டாவது பட்டறை, அடுத்தது தெசலோனிகா, வரிசைய மாத்திப் படிச்சுடாதீங்க.

இப்போ தலைப்பக்கம்

எழுத்து இடது கீழ்மூலையிலேர்ந்து, கடிகாரத்துல ஏழு மணி இருக்குற இடத்துல ஆரம்பிச்சு வலமா சுத்தும். வார்த்தைக்கு நடுவுல இடைவெளி கிடையாது. முழுசா படிக்க முயற்சி பண்ணாதீங்க, வாலைப் படிங்க, வலது பக்கம் முடியுற இடம். ஏன்னா பேரோட ஆரம்பம் எல்லாருக்கும் "கான்ஸ்டான்" தான். முடிவுல மேக்ஸ் அவ்க்னு (MAX AVG) இருந்தா அப்பா, முதலாம் கான்ஸ்டன்டைன். இயுன் நோப் சி.ன்னு (IVN NOB C) இருந்தா பையன் ரெண்டாம் கான்ஸ்டன்டைன், இயுன்னா இளையவர். முன்னாடி ஃப்ல் இயுல் (FL IVL) வந்து நோப் சி.ல முடிஞ்சா கான்ஸ்டான்டியஸ் அல்லது கான்ஸ்டன்ஸ், நடுவுல எழுத்து எத்தனைன்னு எண்ணித்தான் பிரிக்கணும். நோப் சி.ன்னா சீசர், பட்டத்துக்கு காத்திருக்குற இளவரசன்னு வச்சுக்கலாம், அவ்க்னா முழு பேரரசர்.

எழுத்து சுத்தமா போயிருந்தா தலையில என்ன இருக்குன்னு பாருங்க. 330க்கு அப்புறம் பேரரசருக்கு மணியோ ரோஜாப்பூ வடிவமோ கோத்த டயடம், அதாவது தலைப்பட்டை, பின்கழுத்துல முடிச்சு தொங்கும். சீசருக்கு பெரும்பாலும் இலைமாலை. அடுத்தது உடை, வெறும் கவசமா, கவசத்து மேல தோள்ல அங்கி சுத்தியிருக்கான்னு குறிச்சுக்கோங்க, வகை பிரிக்கும்போது வேணும்.

ஆள் யாருன்னு தெரிஞ்சதும் வருஷம் இன்னும் சுருங்கும். கான்ஸ்டன்ஸ் சீசர் ஆனது 333 டிசம்பர் 25. அப்போ ரெண்டு கம்பத்தோட கான்ஸ்டன்ஸ் காசு கிடைச்சா அது 330ல அடிச்சதா இருக்க முடியாது, 333 கடைசிக்கும் 335க்கும் நடுவுல. கான்ஸ்டன்டைனோட உறவுக்காரப் பையன் டெல்மேஷியஸ் 335 செப்டம்பர்ல சீசர் ஆகி 337ல கொல்லப்பட்டார், அவர் பேர் இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள சுருங்கிடுச்சு. கான்ஸ்டன்டைன் 337 மே 22ல இறந்தார், செப்டம்பர் 9ல பசங்க மூணு பேரும் அவ்க் ஆனாங்க, அதனால பசங்க பேரோட அவ்க் இருந்தா அதுக்கு அப்புறம். தலையில முக்காடு போட்ட கான்ஸ்டன்டைன் இருந்தா அவர் செத்த பிறகு மரியாதைக்கு அடிச்சது.

வகையும் நம்பரும்

கேட்டலாக்னா இங்க ஆர்.ஐ.சி.தான் (ரோமன் இம்பீரியல் காயினேஜ்ங்கிற புத்தக வரிசை), நம்ம காசுக்கு ஏழாவது தொகுதி, அது 313 முதல் 337, எட்டாவது 337 முதல் 364. அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்துற ஓக்ரே தளத்துல இத இலவசமா தேடலாம், படமும் இருக்கு. ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும்: இந்தத் தொகுதிகள்ல ஒவ்வொரு மிண்ட்டுக்கும் நம்பர் ஒண்ணுலேர்ந்து புதுசா ஆரம்பிக்கும். "ஆர்.ஐ.சி. 7, 60"ன்னு மட்டும் சொன்னா அதுக்கு அர்த்தமே இல்ல, எந்த ஊரோட 60? இதனாலதான் மிண்ட்ட முதல்ல பிடிக்கச் சொன்னேன், ஊர் தெரியாம நம்பர் பக்கம் போகவே முடியாது.

ஊர், படம், ஆள் மூணும் கைல வந்ததும் லிஸ்ட்டுல நாலஞ்சு வரிதான் மிஞ்சும். அதுக்குள்ள பிரிக்கிறது சின்னச் சின்ன விஷயம்: மிண்ட் எழுத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ புள்ளி இருக்கா, நட்சத்திரமா, கம்பத்துக்கு நடுவுல என்ன குறி, உடை என்ன, தலைப்பக்க எழுத்து தலை உச்சியில எந்த எழுத்துல உடையுது. புள்ளி விஷயத்துல நிதானம் வேணும், மண் ஒட்டினதும் அரிப்புக் குழியும் புள்ளி மாதிரியே தெரியும். அச்சுல வெட்டின புள்ளி காசு பரப்புலேர்ந்து மேல எழும்பி உருண்டையா இருக்கும், எழுத்தோட நடு உயரத்துக்கு நேரா நிக்கும். அதே வெளியீட்டோட ஏழெட்டு படத்தைப் பக்கத்துல வச்சு, மத்ததுல அதே இடத்துல புள்ளி இருக்கான்னு ஒத்துப் பாருங்க.

கோட்டை வாசல் காசுல செங்கல் வரிசை எண்ணணும், கோபுரம் ரெண்டா மூணான்னு பாக்கணும். ஓநாய் காசுல ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுல மாலை, ஓலை ஏதாவது இருக்கான்னு பாக்கணும். குதிரைவீரன் காசுதான் இதுல கடல். விழுற ஆள் கையை பின்னாடி நீட்டுறானா, குதிரைக் கழுத்தைக் கட்டிக்கிட்டு இருக்கானா, தரையில உக்காந்துட்டானா, தாடி உண்டா, கூம்புத் தொப்பியா வெறுந்தலையா, எல்லாமே தனித்தனி வகை. சேகரிக்கிறவங்க வாழ்நாள் முழுக்க இந்த ஒரு படத்தை மட்டும் தேடிட்டு இருக்கக் காரணம் இதுதான்.

ஏழாவது தொகுதியில ஆர் 1, ஆர் 5ன்னு அபூர்வக் குறி போட்டிருக்கும். அது அந்தத் தொகுதிய எழுதினப்போ பாத்த சேகரிப்புகள்ல எத்தனை இருந்துச்சுங்கிற கணக்கு. அதுக்கப்புறம் மெட்டல் டிடெக்டர் வந்து காசு குவியல் குவியலா வெளிய வந்தாச்சு. அந்தக் குறிய நம்பி விலை குடுக்காதீங்க.

ஒரு காச முழுசா பண்ணிப் பாக்கலாம்

கைல ஒரு காசு, 17 மில்லிமீட்டர், 2.3 கிராம். ரெண்டு சிப்பாய், ரெண்டு கம்பம். எடை ரெண்டரைக்கு பக்கம், ஒத்துப்போகுது, 330 முதல் 335. அடியில எஸ்.எம். தெளிவு, அப்புறம் ஒரு எழுத்துல ரெண்டு மேல்நோக்கின குச்சி மட்டும், கடைசியில குறுக்குக் கோடில்லாத ஏ. மொத்தம் நாலு எழுத்துக்குத்தான் இடம், அப்போ ஆன்டியோக், அலெக்சாண்ட்ரியா, தெசலோனிகா மூணுமே அடிபட்டுப் போச்சு, அதுக்கெல்லாம் அஞ்சு எழுத்து வேணும். குச்சி ரெண்டுங்கிறதால கே இல்ல, சைசிகஸும் போச்சு. மிச்சம் ஹெராக்ளியா, நிகோமீடியா. தலைப்பக்கம் வால்ல நோப் சி. தெரியுது, அதுக்கு முன்னாடி வி.என்., அதாவது இயுன்னோட (IVN) மிச்சம், தலையில இலைமாலை, ஆக ரெண்டாம் கான்ஸ்டன்டைன். இப்போ ஓக்ரேல ரெண்டு ஊரோட இதே காசையும் திறந்து, படங்களோட ஒப்பிடுங்க, தலைப்பக்கம் எழுத்து உடையுற இடம், எழுத்தோட பருமன், புள்ளி உண்டா இல்லையா. லென்ஸ்ல மேல் இடது மூலை தடிப்பு தெரிஞ்சா நிகோமீடியா. தெரியலன்னா "ஹெராக்ளியா அல்லது நிகோமீடியா, முதல் பட்டறை"ன்னு எழுதி நிறுத்திக்கணும். அது குறைவான பதில் இல்ல, மேல சொன்ன அத்தனை ஊரையும் ரெண்டாக்கியாச்சு. ஊகத்தை உறுதின்னு எழுதினாத்தான் அடுத்து பாக்குறவருக்கு கெடுதல்.

எதுலயும் பொருந்தலன்னா

எழுத்து எழுத்தாவே இல்லாம குச்சியும் வட்டமுமா, எடை ஒரு கிராமுக்கும் கீழ, முகம் குழந்தை வரைஞ்ச மாதிரி இருந்தா அது அந்தக் காலத்துலயே உள்ளூர்ல அடிச்ச நகல். 340கள்லயும் 350கள்லயும் பிரிட்டன்லயும் கால் (Gaul, இன்னிக்கு பிரான்ஸ்) பகுதியிலயும் புதுக் காசு வரத்து குறைஞ்சப்போ மக்களே அடிச்சுக்கிட்டாங்க, ஓநாயும் குதிரைவீரனும்தான் அதிகம் நகலானது. இதுக்கு மிண்ட் தேடுறது வீண், இன்ன காசோட நகல்னு எழுதினா போதும், இதுவும் வரலாறுதான்.

நம்ம பக்கத்துல கரூர் அமராவதி ஆத்துலயும் மதுரையிலயும் இலங்கையிலயும் கிடைச்ச பிற்கால ரோமானிய வெண்கலத்துல அந்தக் கடைசிக் காலத்து பொடிக் காசு நிறைய, தியடோசியஸ், ஆர்காடியஸ், ஹொனோரியஸ் காலத்துது, கிட்டத்தட்ட ஒரு கிராம். இலங்கையில அதோட உள்ளூர் நகலும் ஏராளம். இதுல அடிக்கோட்டு எழுத்து பாதி காசுக்கு வெளியவே போயிருக்கும், தகடு அச்சை விட சின்னது. இங்க ஊரைப் பிடிக்க முடியலன்னாலும் படத்தை வச்சு காலத்தைப் பிடிக்கலாம்: விக்டோரியா கைதிய இழுத்துட்டுப் போனா 388க்கு அப்புறம், மூணு பேரரசர் வரிசையா நின்னா 406 முதல் 408. இதுக்கு ஆர்.ஐ.சி. ஒன்பதும் பத்தும் பாக்கணும்.

கடைசி வேலை சீட்டு எழுதுறது. பிவிசி கவர்ல காச போடாதீங்க, அது வெண்கலத்தை அரிக்கும், காகித உறையோ மைலார் கவரோ போதும். சீட்டுல இந்த வரிசையில எழுதுங்க: ஆள், காசு வகை, மிண்ட், பட்டறை, அடிக்கோட்டு எழுத்து நீங்க பாத்தபடியே, வருஷம், எடை, விட்டம், அச்சு திசை, தொகுதியும் மிண்ட்டும் சேத்து நம்பர், கிடைச்ச இடம். படிக்க முடியாத எழுத்துக்கு புள்ளி போட்டு விடுங்க, சந்தேகமான எழுத்துக்கு பக்கத்துல கேள்விக்குறி. தலைப்பக்கம், பின்பக்கம் ரெண்டுக்கும் பக்கவாட்டு வெளிச்சத்துல எடுத்த போட்டோவையும் அந்தச் சீட்டு எண்ணோடயே சேமிச்சு வைங்க.